பிஸ்கட் டப்பாவும் வெள்ளிக்கிழமை மாத்திரையும்

இன்ஸாஃபின் வீட்டு பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே மாத்திரைதான். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, வெள்ளை, உருண்டை, நீளம் என்று வகை வகையாகக் கிடக்கும். எல்லாம் கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டுகள். அலெக்ஸாண்டிரியா நகரத்துப் பாக்கோஸ் சந்தைப் பக்கம் முழு அட்டை வாங்கும் வழக்கம் ஏது? நாலு கேட்டால் நாலு, ரெண்டு கேட்டால் ரெண்டு என்று மருந்துக் கடை டாக்டர் நஷ்அத் 'கறுக்'கென்று நறுக்கிக் கொடுத்துவிடுவார். நறுக்கிய துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். தேதி இருக்கவே இருக்காது. அதனால் என்ன குடியா முழுகிவிட்டது? இன்ஸாஃபுக்கு நிறம் போதும். ஆரஞ்சு விரலுக்கு, இளஞ்சிவப்பு மணிக்கட்டுக்கு, வெள்ளை நீளம் எல்லாவற்றுக்கும். அவளே வைத்துக்கொண்ட சட்டம் இது.

அவளுக்கு வயது நாற்பத்தேழு; முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் அவள் பேச்சைக் கேட்காது. வெந்நீரில் கையை முக்கி, ஆரஞ்சு ஒன்றை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குச் சுண்டுவிரல் அசையும். ஒன்பதுக்குக் கட்டைவிரல் இறங்கி வரும். அதற்குப் பிறகுதான் பிழைப்பு.

பிழைப்பு என்றால் திராட்சை இலை. வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற பெண்களுக்கு வீட்டில் உட்கார்ந்து இலை சுருட்ட நேரம் ஏது? விருந்து என்றால் இன்ஸாஃபிடம் சொல்லிவிடுவார்கள். அரிசி, தக்காளி, கொத்தமல்லி, சதகுப்பைக் கீரை எல்லாம் பிசைந்து, ஒவ்வோர் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்து, சுண்டுவிரலைவிட ஒல்லியாகச் சுருட்டி, பானையில் வட்டம் வட்டமாக அடுக்கிக் கொடுப்பாள். கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினால் சரி. அலெக்ஸாண்டிரியாவில் இலைச் சுருள் தடித்துப்போனால் மருமகளின் மானம் போய்விடும். அந்த மானத்தைக் காப்பாற்றுவதுதான் இன்ஸாஃபின் தொழில்.

அவள் கணவர் பய்யூமி மைக்ரோபஸ் ஓட்டினார். மனுஷன் வாய் ஓயாத ஆள், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். தினமும் கிளம்புமுன், உப்புத் தண்ணீரில் இலை ஊறும் ஜாடிகளின் மூடியையெல்லாம் திருகித் தளர்த்தி, சும்மா மேலே வைத்துவிட்டுப் போவார். சமையலறைக் குழாயையும் முழுதாக மூடமாட்டார். அவள் விரலுக்குத் தகுந்த மாதிரி லேசாக விட்டு வைப்பார். அது நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். பதினோரு வருடமாக இரண்டு பேரும் அந்தச் சொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாடி வீட்டு ஸக்கிய்யா முழங்கால் வலிக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கயிறும் கூடையும் இருந்தன. உப்பு, எலுமிச்சை, வெங்காயம் எல்லாம் அந்தக் கூடையில்தான் ஏறி இறங்கும். மாத்திரையும் அப்படித்தான்.

"உம்மு ஷைமா! கூடை வருது, பிடி!" என்று பால்கனியிலிருந்து கத்துவாள் ஸக்கிய்யா. உம்மு ஷைமா என்றால் ஷைமாவின் அம்மா; ஷைமா, இன்ஸாஃப் தமன்ஹூரில் கட்டிக்கொடுத்த மகள். "என் தங்கச்சி சவூதியிலேருந்து கொண்டாந்தது. ஒண்ணுதான் போட்டேன். குமரி மாதிரி படி ஏறுறேன் போ!"

"குமரியா? நேத்து ரெண்டாம் மாடி ஏறுறதுக்குள்ள ஊரையே கூப்பிட்டியே!"

"போட்டுப் பாத்துட்டுப் பேசுடி. உடம்புல வலிக்காத எடம் உனக்கு அந்த வாய் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்வாள். டப்பாவின் அடியில் ஒரு மஞ்சள் மாத்திரைப் பெட்டியும் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ரஷா என்பவர் கொடுத்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும் என்றார். மூன்று வெள்ளி போட்டுப் பார்த்தாள். வலி இம்மிகூட அசையவில்லை. 'வலியைக் கொல்லாத மாத்திரை என்ன மாத்திரை? அதுவும் வாரத்துக்கு ஒரு தடவையாம், தொழுகைக்குப் போற மாதிரி!' என்று கீழே தள்ளிவிட்டாள். அதோடு அந்த டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் ரமலான் மே மாதத்தில் வந்தது. பகல் நீண்டு கிடக்கும் காலம். இன்ஸாஃபுக்கு நோன்பு என்றால் உயிர். ஒன்பது வயதில் பிடிக்கத் தொடங்கியவள், ஒரு நோன்பைக்கூடப் பாக்கி வைத்ததில்லை. பிள்ளை பெற்ற வருடத்தில் விட்டுப்போனதைக்கூட அடுத்த குளிர்காலத்தில் களா நோன்பாகப் பிடித்து நேர் செய்துவிட்டாள். "என் கை கோணலா இருக்கலாம், என் நோன்பு கோணினதில்லை" என்று பெருமை அடித்துக்கொள்வாள். அந்தப் பெருமை அவளுக்குத் தேவையாகவும் இருந்தது. கை ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. முதலில் வளையல் போனது, பிறகு ஊசி நூல், பிறகு பேத்தியைத் தூக்குவது. நோன்பை மட்டும் அது தொடவில்லை.

ஆனால் ரமலானில்தான் இலைக்கு ஏகப்பட்ட கிராக்கி. பகலில் மாத்திரை விழுங்க முடியாது. இன்ஸாஃப் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாளைக்கு மூன்றுதானே? எப்போது போட்டால் என்ன? மூன்றையும் மாலைப் பாங்கு சொன்னதும் வெறும் வயிற்றில், ஆப்ரிகாட் பழச் சாறோடு ஒரே மடக்கில் விழுங்கினாள். விடியலுக்கு முன், சஹர் நேரத்தில் இன்னும் இரண்டு. மதியத்துக்குள் கை மரமாகிவிட்டதால் மறுநாள் இளஞ்சிவப்பையும் சேர்த்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் வெள்ளை நீளம், பிறகு ஸக்கிய்யா கொடுத்த சவூதி மாத்திரை.

"அல்லாஹ் பகலைத்தானே அடைச்சான், ராத்திரியைத் திறந்துதானே வெச்சிருக்கான்" என்று ஸக்கிய்யாவிடம் விளக்கமும் சொன்னாள். ஸக்கிய்யா, "அட, மூளைக்காரி!" என்று மெச்சித் தானும் அப்படியே செய்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் புத்தி பேதலித்திருந்தது.

பத்தாம் நோன்பிலிருந்து வயிறு எரிந்தது. பிறகு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வேறு ஊராக இருந்தால் ஒருத்தி பதறியிருப்பாள். ஆனால் ரமலான் மாலையில் இங்கே எல்லா வீட்டிலும் அதிமதுரத் தண்ணீர்தான். கரிய நிறத்தில், நுரை தள்ள, இன்ஸாஃப் தினமும் ஒரு ஜாடி குடிப்பாள். 'கறுப்பாக் குடிச்சா கறுப்பாத்தான் போகும்' என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாள், கேட்டீர்களா! வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று யார் கண்டது?

பதினேழாம் நோன்பு, மதியம் இரண்டு மணி. மடியில் பெரிய வட்டாவை வைத்துக்கொண்டு சுருட்டிக்கொண்டிருந்தாள். இலை ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரண்டு நாலாகின. வட்டா தரையில் உருண்ட சத்தம் மாடிக்குக் கேட்டது.

ஸக்கிய்யா அந்த முழங்காலோடு எப்படித்தான் இறங்கி வந்தாளோ, இன்றுவரை அவளுக்கே தெரியாது. பய்யூமிக்குப் போன் போட்டுவிட்டு, "யா ரப்பீ, என் தங்கச்சியை விட்டுடு, என் தங்கச்சியை விட்டுடு" என்று இன்ஸாஃபின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பய்யூமி அப்போது பதினாலு பயணிகளோடு அஸாஃப்ரா பக்கம் போய்க்கொண்டிருந்தார். போன் வந்ததும் வண்டியைத் திருப்பினார்.

"ஹாஜி, அஸாஃப்ரா இப்படியில்லையே!" என்றார் பின்சீட்டுக்காரர்.

"என் பொண்டாட்டி விழுந்துட்டா. இறங்குறவங்க இறங்கிக்குங்க."

"இறங்குறதா? என்ன பேச்சு இது! அமுத்துங்க! ஹாரன்லேருந்து கையை எடுக்காதீங்க!"

ஒருத்தர்கூட இறங்கவில்லை. ஒரு தடித்த மனிதர் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டி, கைக்குட்டையை ஆட்டி வழி விலக்கினார். வீடு வந்ததும் இரண்டு வாலிபர்கள் இன்ஸாஃபை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அத்தனை பேரும் நோன்பு, தொண்டை காய்ந்து கிடந்தவர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை போய், டாக்டர்கள் அவளை உள்ளே கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதான் கலைந்தார்கள்.

வயிற்றில் புண். குழாய் விட்டுப் பார்த்து, ரத்தக் கசிவை அடைத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் கட்டிலருகே வந்து நின்றது அதே டாக்டர் ரஷா. ஒல்லியான பெண், குரல் மட்டும் ஒரு வகுப்பையே அடக்கும்.

"இரண்டு வருஷமா எங்க போனீங்க? என்னென்ன மாத்திரை போட்டீங்க?"

இன்ஸாஃப் கூரையைப் பார்த்தாள். பய்யூமி பிஸ்கட் டப்பாவை நீட்டினார். டாக்டர் அதைப் படுக்கைமேல் கவிழ்த்தார். கொட்டிக்கொண்டே வந்ததைப் பார்த்து நர்ஸ் "அம்மாடி!" என்றாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டி, நாலு நிறத் துண்டுகளை வரிசையாக வைத்தார்.

"இந்த நாலும் என்ன தெரியுமா?"

"ஆரஞ்சு விரலுக்கு, இளஞ்சிவப்பு..."

"நாலும் ஒரே மருந்து! நாலு கம்பெனிச் சட்டை, உள்ள ஆள் ஒருத்தன்தான். ஒரே நேரத்துல நாலு பங்கு விழுங்கியிருக்கீங்க, அதுவும் வெறும் வயித்துல. வயித்தைத் தின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சிறுநீரகத்தையும் முடிச்சிருக்கும்."

பிறகு அடியில் கிடந்த மஞ்சள் பெட்டியை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். மூன்று வாரத்துக்கானது மட்டும் குறைந்திருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"இந்த டப்பாவிலேயே மருந்துன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதைப் போய் அடியில புதைச்சு வெச்சிருக்கீங்க!"

"அது வலியைக் குறைக்கலியே டாக்டரம்மா" என்றாள் இன்ஸாஃப் ஈனக் குரலில்.

"வீட்டுல தீப்பிடிச்சிருக்கு. 'தீ, தீ'ன்னு உள்ள ஒருத்தி கத்துறா. உங்க ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் அவ வாயைத்தான் பொத்துது. வீடு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. தீயை அணைக்கிறது இந்த மஞ்சள். மெதுவாத்தான் அணைக்கும். மூணு மாசம் ஆகும்."

இன்ஸாஃப் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "நோன்பு?"

"இந்த வருஷம் முடிஞ்சுது. நேத்து முறிஞ்சதையும் சேர்த்து மிச்சம் பதினாலும் கிடையாது."

"களாவாப் பிடிச்சுக்கலாமா?"

"புண் ஆறணும், ரத்தம் ஊறணும், மூட்டு அடங்கணும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை இதைப் போட்டுட்டு, மாசா மாசம் ரத்தம் பரிசோதிச்சுக்கிட்டு வாங்க. குளிர்காலத்துல சொல்றேன். பழையபடி டப்பாவைத் திறந்தீங்கன்னா, களாவும் கிடையாது, கையும் கிடையாது."

பிள்ளை வலியில்கூட வாயைக் கடித்துக்கொண்டு கிடந்த இன்ஸாஃப் அப்போது அழுதாள். கைக்காக இல்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒழுங்காக நின்றிருந்த ஒன்று கைவிட்டுப் போகிறதே என்று அழுதாள். பதினாலு நோன்பு இருக்கிறது, திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த மஞ்சள் மாத்திரை கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் பகலில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி, திருடி மாதிரி குடித்தாள். ஒருநாள் ஸக்கிய்யா உள்ளே வந்துவிட்டாள். இன்ஸாஃப் டம்ளரைப் பின்னால் மறைத்தாள்.

"யாரு வீட்டுத் தண்ணியைத் திருடிக் குடிக்கிற?" என்றாள் ஸக்கிய்யா. "நோயாளிக்கு விட்டுக் கொடுத்தவன் அல்லாஹ். நீ என்ன அவனைவிடப் பெரிய கணக்குப் பிள்ளையா? திரையை விலக்குடி, புழுங்குது." அவளே திரையை விலக்கி, டம்ளரை நிரப்பி நீட்டினாள். அவளோ இன்னும் நோன்பில் இருந்தாள், உதடு வெடித்திருந்தது. இன்ஸாஃப் குடித்தாள். குடித்து முடித்ததும் இருவரும் சேர்ந்து கொஞ்சம் அழுதார்கள்.

ரமலான் முடிந்து இரண்டு வாரம் கழித்து மஞ்சள் மாத்திரை தொடங்கியது. டாக்டர் நஷ்அத் இம்முறை கத்தரியைத் தொடவில்லை. பெட்டியின் மேல் சிவப்பு மையில் 'வெள்ளி மட்டும்! தினமும் போட்டால் ஆபத்து!' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வலிக்கு என்று டாக்டர் ரஷா அனுமதித்தது வயிற்றைக் கடிக்காத சாதா மாத்திரை, அதுவும் அளவோடு.

ஜூலை மாதம் நரகம். ஐந்து வெள்ளி போய்விட்டது, ஒரு மாற்றமும் இல்லை. வெந்நீரில் கையை முக்கினால் கண்ணீர்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வங்கிக்காரப் பெண் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று பானை கேட்டிருந்தாள். விடியலிலிருந்து உட்கார்ந்து இன்ஸாஃப் சுருட்டியது பதினோரு இலை. பத்து மணிக்கு மாடியிலிருந்து கூடை இறங்கியது. உள்ளே ஆரஞ்சு, அட்டையில் நாலு.

"ஒரே ஒரு நாளைக்கு மட்டும்டி!" என்று மேலிருந்து குரல். "டாக்டருக்கு யாரு சொல்லப் போறா? நிச்சயதார்த்தம் காத்துக்கிட்டு நிக்குமா?"

இன்ஸாஃப் அந்த ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்று போட்டால் அரை மணியில் விரல் ஓடும். அவளுக்குத் தெரியாதா? கை தானாகவே கூடைக்குள் போனது. பதினாலு நோன்பு நினைவுக்கு வந்தது. எடுத்த அட்டையைத் திரும்ப உள்ளே போட்டு, மேலே ஒரு கட்டுத் திராட்சை இலையையும் வைத்தாள்.

"மாத்திரை வேணாம் ஸக்கிய்யா, கை வேணும்! உன் ரெண்டு கையையும் எடுத்துக்கிட்டு இறங்கி வா!"

"நான் சுருட்டினா அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே நடக்காதே!" என்றபடி ஸக்கிய்யா இறங்கி வந்தாள். சாப்பிட வந்த பய்யூமியும் உட்காரவைக்கப்பட்டார். அவர் சுருட்டியதைப் பார்த்து ஸக்கிய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அபூ ஷைமா, இது இலையா, உங்க வண்டி டயரா?"

"டயர் இல்லாம வண்டி ஓடுமா? அடியில வெச்சு அடுக்கு, யாருக்குத் தெரியும்!"

தெரிந்துதான் போனது. வங்கிக்காரப் பெண் அடிவரிசையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். ஆனாலும் நிச்சயதார்த்தம் நடந்தது. அன்றிலிருந்து ஸக்கிய்யா தினமும் காலையில் இறங்கி வந்தாள். தன் முழங்காலையும் ஒரு டாக்டரிடம் காட்டினாள், வசவு வாங்கினாள், வந்து அதையும் கதையாகச் சொன்னாள்.

செப்டம்பரில் ஒருநாள் இன்ஸாஃப் விழித்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் ஆனது. கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிய கை, விரிந்து கிடந்தது. ஏழு மணிக்கே விரல் அசைந்தது. அடுத்த மாதம் ஆறரைக்கு. மந்திரம் ஒன்றும் இல்லை. இடது கையில் கோணிய இரண்டு விரல் கோணியதுதான், அவை இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை பெய்தால் வலி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இன்ஸாஃப் ஒரு வெள்ளியைக்கூட விடவில்லை.

டிசம்பரில் ரத்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்த டாக்டர் ரஷா தலையை ஆட்டினார். "பகல் இப்ப சின்னது. வெள்ளிக்கிழமையை விட்டுட்டுப் பிடிங்க. தலை சுத்துனா உடனே முறிச்சிடணும், வீறாப்பு கூடாது."

"ஒருநாளும் வீறாப்பு காட்டினதில்ல டாக்டரம்மா" என்றாள் இன்ஸாஃப். பய்யூமிக்கு இருமல் வந்துவிட்டது.

ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பதினாலாவது நோன்பு ஜனவரி மாதம், ஒரு திங்கட்கிழமை. வெளியே கடற்காற்று ஜன்னலை அடித்தது. பய்யூமி சீக்கிரமே வந்துவிட்டார். பாங்குக்கு இன்னும் சில நிமிடம். மறுநாள் விருந்து ஒன்றுக்கு இலை கொடுக்க வேண்டும் என்பதால், பழக்க தோஷத்தில் ஜாடி மூடியைத் தளர்த்தி வைக்கப் போனார். திருகினார். அசையவில்லை. சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். பல்லைக் கடித்தார்.

"எந்தப் பயில்வான்டி இதை இப்படி இறுக்கினது? அந்த ஸக்கிய்யாவா?"

"நான்தான்."

அவர் திரும்பிப் பார்த்தார். இன்ஸாஃப் வந்து ஜாடியை வாங்கி, இடுப்போடு அணைத்துப் பிடித்து, வலது கையால் ஒரு திருகு திருகினாள். மூடி 'டப்' என்று வந்துவிட்டது. அதை மேடையில் வைத்துவிட்டு, "தள்ளி நில்லுங்க, பேரீச்சம்பழத் தட்டை எடுக்கணும்" என்றாள்.

பய்யூமி தள்ளி நின்றார். குழாயடிக்குப் போனார். பதினோரு வருடமாகத் தானே லேசாகத் திறந்து விட்டு வந்த அந்தக் குழாயை, முழு மூச்சாக இறுக்கி மூடினார். சொட்டு நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருந்த நிசப்தம் இருவருக்கும் புதிதாக இருந்தது.

அப்போது பாங்கு கேட்டது. இன்ஸாஃப் பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, குழாயைத் தானே திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள்.